இரண்டு வீட்டுச் சத்தியம்

மலர்விழிக்கு அமெரிக்கா எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. முதலில் கேட்டவள் நான்தான். கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வரலாறு படித்தோம். படிப்பு முடிந்த கையோடு எனக்கு நிக்காஹ் ஆகி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ரியாசுதீனின் செல்போன் கடைக்கு முதலாளியம்மா ஆனேன். அவள் மேலே படித்து லெக்சரர் ஆகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டிலோ மலைமேல் கரியாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பிறந்ததும் மலைதான். படிக்க இறங்கி வந்தவளை மறுபடியும் மேலே ஏற்றிவிட்டார்கள் என்று கிண்டல் பண்ணுவேன். அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் மரவள்ளிக்கு விலை விசாரிக்க வந்தவள் கடையில் உட்கார்ந்துகொண்டு, "நௌஷீன், அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டி சும்மாவே பாடம் நடத்துதாம்டி" என்றாள்.

"சும்மா குடுக்கிறவன் எவன்டி? பின்னாடியே ஓடிபி கேப்பான் பாரு."

எவனும் கேட்கவில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் காசு, பாடம் கேட்க ஒன்றும் வேண்டாம். அமெரிக்க வரலாறு என்று தேர்ந்தெடுத்துச் சேர்ந்துவிட்டாள். நம் ஊர் வரலாற்றைப் படித்தே என்ன கிழித்தோம் என்றேன். கல்லூரியில் அந்தப் பேப்பர் பாதியிலேயே நின்றுபோனது, மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். அவளுக்கு எதையும் பாதியில் விட முடியாது.

மலையில் சிக்னல் வரும், போகும். அதனால் கீழே வரும்போதெல்லாம் எங்கள் கடை வைஃபையில் பாடங்களை இறக்கிக்கொண்டு போவாள். இறங்கி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். "அமெரிக்கா வந்து சேர்ந்துச்சா?" என்று ரியாசுதீன் கேட்டுக்கொண்டே இருப்பார். வீட்டுக்குப் போனதும் அவளும் தங்கை பாரதியும் ஆளுக்கு ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மரவள்ளிக் கிழங்கு உரிப்பார்கள். பாடம் நடத்துவது ஒரு நரைத்த தலை அம்மாள். அவர் பேசுவது வேகமாம். பாரதிக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. மலர்விழி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லுவாள்.

பாரதி அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சந்தோஷுக்கு அவளைப் பேசி முடித்ததே மலர்விழிதான். தங்கை பக்கத்திலேயே இருக்கட்டும் என்று எண்ணினாள். எனக்கும் அப்போது அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது.

அந்த ஊருக்கு ஒரே ஓடை. அது சந்தோஷ் வீட்டு நிலத்துக்குள் இறங்கி, அங்கிருந்துதான் வாய்க்கால் பிரிந்து மற்ற எல்லார் காட்டுக்கும் போகும். மலர்விழியின் மரவள்ளிக் காடு கடைசியில் இருந்தது. மேலே ஒருவன் மடையை அடைத்தால் கீழே இவள் காய வேண்டியதுதான். ஆனால் அப்படி யாரும் அடைத்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அருவி பார்க்க வந்த ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு அந்தச் சரிவு பிடித்துப்போனது. ரிசார்ட் கட்டுவதற்கு நிலம் கேட்டு வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் பாடத்தில் செவ்விந்தியர்கள் வந்தார்கள். அவள் கடைக்கு வந்து என்னிடம் கொட்டித் தீர்த்தாள்.

"செரோக்கின்னு ஒரு ஜனம்டி. அவங்க தலைவரு முடியாதுன்னுட்டாரு. ஊரே முடியாதுன்னுச்சி. யாரோ கொஞ்ச பேரு தனியா போயி மொத்த நெலத்தையும் எழுதிக் குடுத்துட்டாங்க. எழுதிக் குடுக்க அவங்களுக்கு இன்னா உரிமை இருக்குது? செல்லாதுன்னு ஆயிரக்கணக்கான ஜனம் மனு போட்டுச்சி. கேக்கவே இல்ல. எல்லாரையும் நடக்கவிட்டே தொரத்திட்டாங்க. வழியிலயே எத்தினி பேரு செத்தாங்க தெரியுமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. எங்கேயோ எப்போதோ செத்தவர்களுக்காகக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து அழுகிறாளே என்று நினைத்தேன்.

ஊருக்குப் போய் இதையே எல்லாரிடமும் சொன்னாள். ஒருத்தர் விற்றால் எல்லாருக்கும் போச்சு என்றாள். ஊர்ப் பெரியவர் பச்சமுத்துவுக்கு அமெரிக்கா எந்தத் திசை என்றே தெரியாது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. காளி கோயிலில் வீட்டுக்கு ஒருத்தர் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணுவது, யாரும் நிலம் தரக்கூடாது என்று முடிவானது. அந்த ஊரில் இதற்கு மேல் கோர்ட்டு இல்லை. எந்தக் கை சூடத்தை அணைத்ததோ அந்தக் கைதான் பொறுப்பு. சத்தியம் பொய்த்தால் பழியும் அந்தக் கைக்கே.

ஆண்கள் பாதிப்பேர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார்கள். மலர்விழியின் வீட்டுக்காரரும் சந்தோஷும் அதில் அடக்கம். அதனால் அந்த வீடுகளுக்குப் பெண்கள் வந்தார்கள். பாரதி மட்டும் வரவில்லை. தான் வீட்டுக்குத் தூரம், கோயிலுக்குள் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஓடை இறங்கும் நிலமே அவளுடையது. அது இல்லாமல் இந்தச் சத்தியம் எதற்கு?

"அந்த வூட்டுக்கு யாரு சத்தியம் வெக்கிறது?" என்று பச்சமுத்து கேட்டார். கூடப் பிறந்தவர்கள் வைக்கலாம் என்பது ஊர் வழக்கம்.

"என் தங்கச்சி வூட்டுக்கும் நானே வெக்கிறங்க" என்று சொல்லி, மலர்விழி இரண்டு தடவை சூடம் அணைத்தாள். அடுத்த முறை கடைக்கு வந்தபோது உள்ளங்கையைக் காட்டினாள். கொப்புளம்கூட இல்லை, லேசான கறுப்புதான் இருந்தது. பெருமையாகத்தான் காட்டினாள்.

மிளகு சீசன் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்த சமயம் அது. ஒரு நாள், வழக்கமாக வரும் நாள் இல்லை, மலர்விழி வந்து உள்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் இறக்கிக்கொண்டிருந்தாள். அப்போது பாரதியும் சந்தோஷும் கடைக்குள் வந்தார்கள். வந்ததும் கண்ணாடி அலமாரியில் மேல் தட்டில் இருந்த போனைக் காட்டச் சொன்னார்கள். கடையிலேயே விலை கூடினது அது, அதைக் கேட்டு வருகிறவர்கள் வேறு மாதிரி ஆட்கள். எனக்கு வியாபார சந்தோஷம், எடுத்து நீட்டினேன்.

"இவ்ளோ காசு ஏது பாரதி?" என்று உள்ளேயிருந்து மலர்விழி எழுந்து வந்தாள்.

பாரதி போனைக் கீழே வைத்தாள். சந்தோஷ் சட்டென்று தெருவைப் பார்க்க ஆரம்பித்தான்.

"இன்னாடி, பேச மாட்டேன்ற? நெலத்தக் குடுத்துட்டீங்களா?"

"ரெஜிஸ்டர் ஆயிடுச்சிக்கா."

மலர்விழி மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கி நீ தூரம் இல்லியா?"

"இல்ல."

"அப்பிடின்னா என்னெ ஏன்டி வெக்கவிட்ட?"

"நானா வெக்கச் சொன்னேன்?" பாரதியின் குரல் ஏறியது. "எங்க வூட்டுக்குச் சத்தியம் பண்ண நீ யாரு? கொஞ்ச பேரு போயி எழுதிக் குடுத்தது செல்லாதுன்னு நீதான எனக்குப் பாடம் சொன்ன? உரிமை இல்லாதவங்க குடுத்த வாக்கு செல்லாதுன்னு சொன்னியா இல்லியா? அதுதான் இதுவும். என் நெலத்துக்கு நீ குடுத்த வாக்கு செல்லாது."

மலர்விழி அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் போனில் இறங்கிக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்தினாள். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொடுத்தவளுக்கே அதே பாடம் திரும்பி வந்துவிட்டது. நான்தான் போனைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்து, "ஒங்களுக்கு இங்க யாவாரம் இல்ல, போங்க" என்று கத்தினேன். ரியாசுதீன் என்னை முறைத்தார். முறைக்கட்டும். அவர்கள் எதிர்க் கடையில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊரில் நடந்தது அதைவிட மோசம். நிலத்தை விற்றவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள்தான் சத்தியமே பண்ணவில்லையே! பழி முழுவதும் சூடம் அணைத்த கைக்கு வந்தது. தங்கை பொய் சொன்னாள் என்று மலர்விழி சபையில் சொன்னாள். பொம்பளைங்க தூரத்தைப் பற்றி எல்லாம் இங்கே விசாரிக்க முடியாது என்று பச்சமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். காளிக்குப் பொங்கல் வைக்க அவள் வீட்டு அரிசியை வாங்கவில்லை. எந்த ஓடைக்காக எல்லாரையும் திரட்டினாளோ அதே எல்லாரும் அவள் குறுக்கே வந்தால் ஒதுங்கிப் போனார்கள். அப்பாவும் அம்மாவும்கூட, "அவதான் சின்னவ, நீ யோசிச்சிருக்கணும்" என்றார்களாம்.

கம்பெனி முதலில் செய்த வேலை ஓடையை மறித்து நீச்சல் குளம் கட்டியது. வாய்க்கால் நின்றது. மற்றவர்கள் நிலத்தைக் கம்பெனி சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டார்கள், முதலில் சொன்னதில் அது பாதிதான். மலர்விழி மட்டும் கொடுக்கவில்லை. காடு காய்ந்து கிடக்கிறது. பாடம் இறக்க வருவதையும் விட்டுவிட்டாள். பாதியில் எதையும் விடாதவள்.

போன வாரம் வந்தாள். மெலிந்திருந்தாள். ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். "ரிசார்ட்டுல வேல குடுக்கிறாங்க. வர்ற வெள்ளைக்காரங்களக் காட்டுக்குள்ள கூட்டிம்போயி மலை ஜனங்களப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லணுமாம். திங்கக்கெழமையிலருந்து போறேன்."

"உனக்கு வெக்கம் மானம் இல்லியாடி? அவ வித்த எடத்துல போயி நிக்கிறேன்றியே! பட்டினி கெடந்தாலும் அங்க போகாத. எங்க கடைக்கு வா, நான் தர்றேன் வேல."

"ஒன் கடையில தண்ணி இருக்குதா, நௌஷீன்?" என்றாள். "அங்க வேல செய்ற பொம்பளைங்க சாயந்தரம் ஆளுக்கு ரெண்டு கொடம் எடுத்துக்கலாமாம். வூட்டுல குடிக்கத் தண்ணி இல்லடி."

கிளம்பும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வேலய பாரதிதான் பேசி வாங்கிக் குடுத்தா" என்று சொல்லிவிட்டு, எத்தனையோ மாதம் அழாதவள் நடுத்தெருவில் நின்று அழுதாள்.