நயினாதீவுக்கு எப்ப வந்தால் நல்லம்?

அறை வாடகைக்கு விடுகிறவனிடம் யாரும் அறையைப் பற்றிக் கேட்பதில்லை. எப்ப வந்தால் நல்லம் என்றுதான் கேட்பார்கள். கட்டில் ஆடுமா, கூரை ஒழுகுமா என்று கேட்டால் உண்மை சொல்லலாம். காலத்தைப் பற்றிக் கேட்டால் வாயில் பொய்தான் வரும். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் நம்பாவிட்டால் விடுங்கள்.

நயினாதீவில், அம்மன் கோயிலுக்கு ஐந்து நிமிட நடையில், நாலு அறை வீடு. வீடு என்னுடையது அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போய்விடும். ஆண்பிள்ளை கலியாணம் கட்டின இடத்தில் போய் இருப்பான். நானும் வேலணையில் மனைவியின் வீட்டில் இருந்தவன். அவள் போனபின் அது மகளுக்குப் போனது. நயினாதீவு வீடு என் தங்கச்சி மலருக்கு எழுதியது. மலர் கனடாவில். பூட்டிக் கிடக்கிற வீட்டில் போய் இருங்கோ அண்ணை, மூன்று அறையை வாடகைக்கு விட்டுச் செலவைப் பாருங்கோ, தெற்கு அறையை மட்டும் எனக்கு விட்டு வையுங்கோ என்று அவள்தான் சொன்னாள். போய் இருந்தேன், எனக்கு விறாந்தைக் கட்டில் போதும். வாடகைக்கும் விட்டேன். மிச்சம் கீழே.

குளம்

அம்மனுக்கு ஆனியில் திருவிழா. சோளகக் காற்றும் ஆனியில்தான். தென்மேற்கிலிருந்து அடிக்கும். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் இருபது நிமிடப் பயணம், அதற்குள் உடுப்புப் பிழிகிற அளவுக்கு நனையும். தீவில் இது எல்லாருக்கும் தெரியும். கொழும்பிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். அம்மாவைத் திருவிழாவுக்குக் கூட்டி வரவேண்டும், எண்பது வயது, கடல் எப்படி என்று கேட்டார். ஒரு அறை சும்மா கிடந்தது. கடல் குளம் மாதிரி, வாருங்கள் என்றேன்.

வந்தார்கள். அம்மா பட்டுச்சேலையோடு இடுப்புவரை நனைந்திருந்தார். வழியில் இரண்டு தரம் சத்தி, சாப்பிட்டதெல்லாம் வெளியே. மகன் என்னோடு பேசவில்லை, பேசினால் அடித்திருப்பார். அம்மா விறாந்தைக் கதிரையில் இருந்து சேலைத் தலைப்பைப் பிழிந்தார். தண்ணீர் சீமெந்தில் ஓடி என் காலடிக்கு வந்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"தம்பி, நீர் சொன்ன குளம் எந்தப் பக்கம்? நாங்கள் கடலால வந்திட்டம்."

அதே கடல்

கொழும்புக்காரருக்குக் குளம் என்று சொன்ன அன்று பின்னேரமே மலர் எடுத்தாள். இந்த வருஷத் தேருக்கு வரலாமென்று யோசிக்கிறாளாம். கலியாணம் கட்டிப் போனபின் அவள் தேர் பார்க்கவில்லை.  தெற்கு அறையையும் சுவிஸ் குடும்பம் ஒன்றுக்குச் சொல்லிவிட்டிருந்தேன்.

வாடகைக்காக மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். வருகிறவர்கள் என்னை வீட்டுக்கார ஐயா என்பார்கள். எழுபது வயதுவரை என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. மலர் வந்து நின்றால் நான் வீடு பார்க்கிற ஆள். அதனால், சோளகம் பிள்ளை, கடல் பொல்லாத கொந்தளிப்பு, உனக்கு ஏலாது என்றேன். அந்தக் கடலைக் கடந்து புங்குடுதீவுக்கு ஏழு வருஷம் பள்ளிக்கூடம் போய் வந்தவள் அவள். சோளகம் எப்படி அடிக்கும் என்று எனக்கு அவள் சொல்லித் தரலாம். 

"நீங்கள் சொன்னாச் சரி அண்ணை."

அலுமாரி

தெற்கு அறையில் மலரின் அலுமாரி நின்றது. பூட்டியது. திறப்பு அவளிடம். வாசலில் படி இல்லாத அறை அது ஒன்றுதான். காற்றும் நன்றாக வரும். சுவிஸ் குடும்பத்துக்கு இன்னொரு கட்டில் போட வேண்டியிருந்தது, அலுமாரி இடைஞ்சல். என்னோடு சமைக்கவும் கூட்டவும் பக்கத்து வளவிலிருந்து பாக்கியம் வருவாள். அவளையும் கோயிலடி ஓட்டோக்காரர் ஒருவரையும் பிடித்து அலுமாரியைப் பின்பக்கக் கொட்டிலுக்குத் தூக்கினோம்.

தூக்கிய இடத்தில், சீமெந்தில், நாலு கால் அடையாளம். பாக்கியம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. மேலே ஒரு பாய் விரி என்றேன். விரித்தாள். திருவிழா முடிந்தவுடன் திரும்ப வைத்துவிடலாம் என்று, அவள் கேட்காமலே நானாகச் சொன்னேன். திருவிழா முடிந்தது, ஆவணியில் வெளிநாட்டுச் சனம் வந்தது, அலுமாரி கொட்டிலிலேயே கிடந்தது. அடுத்த ஆனியும் வந்துவிட்டது. கொட்டிலில் விறகு எடுக்கப் போன பாக்கியம் வெளியே வந்து கை தட்டித் தூசி போக்கினாள்.

"எப்ப உள்ளுக்கு வந்தால் நல்லமெண்டு அந்த அலுமாரிக்காவது ஒருக்கால் சொல்லுங்கோ அண்ணை."

அமைதி

லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்து நின்ற ஒரு இளம் சோடி எடுத்தது. பெடியன் சொன்ன ஒரே விஷயம், வேலைக் களைப்பு, அமைதியான இடம் வேணும், எப்ப வந்தால் நல்லம். தேருக்கு மூன்று நாள் இருந்தது. யாரோ வரமாட்டோம் என்று சொன்ன அறை ஒன்று கையில் இருந்தது. தீவுதானே, எப்ப வந்தாலும் அமைதி என்றேன். வேலிப் பனையில் கோயில் ஒலிபெருக்கி கட்டியிருந்ததை நான் சொல்லவில்லை. அவரும் பனையைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த நாளே வந்தார்கள். விடிய நாலரைக்கு நாதஸ்வரம் தொடங்கும். பிறகு தொலைந்த பிள்ளைகளின் பெயர், தண்ணீர்ப்பந்தல் அறிவித்தல், திரும்ப நாதஸ்வரம். மூன்றாம் நாள் காலை பெடியன் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். நல்ல வளர்ப்பு, சத்தம் போடவில்லை. பாக்கியம் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, அமைதி எந்த அறையில இருக்கு? அந்த அறையை எங்களுக்கு மாத்தித் தாங்கோ."

சனமும் தண்ணீரும்

இரண்டாம் வருஷம் மலர் திரும்பவும் எடுத்தாள். சனம், நசிந்து போவாய் என்றேன். மூன்றாம் வருஷமும் எடுத்தாள். தண்ணீர் இல்லை என்றேன். இது முழுப் பொய் அல்ல. கிணறு உவர், குடிதண்ணீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். முழுப் பொய் அல்லாத பொய் வாயில் இலகுவாக வரும், தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் நான் பன்னிரண்டு பேரை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாவது ஆளுக்குத்தான் தண்ணீர் இல்லை.

அந்த முறை அவள் உடனே சரி சொல்லவில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதாம். இப்போதே தடி. இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் நடக்கலாம், பிறகு தள்ளுகதிரைதான். அம்மன் தேரில் வருவதைச் சொந்தக் காலில் நின்று ஒருக்கால் பார்த்தால் போதும் என்றாள். அப்போதாவது நான் வா என்று சொல்லியிருக்க வேண்டும். அறைகள் நாலும் பேசி முடிந்திருந்தன. தேர் முடியட்டும் பிள்ளை, சனம் குறைந்தபின் ஆவணியில் வா, ஆறுதலாய்ப் பார்க்கலாம் என்றேன்.

"தேர் முடிஞ்ச பிறகு தேர் பாக்கிறது எப்பிடி அண்ணை?"

ஒரு உண்மை

அதற்குப் பிறகு எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பிலிருந்து ஒரு வாத்தியார். திருவிழாவுக்கு எப்ப வந்தால் நல்லம் என்று வழக்கமான கேள்வி. சலித்துப்போய் உண்மையைச் சொன்னேன். மாசியில் வாருங்கள். காற்று இராது, கடல் சும்மா கிடக்கும், மாரி மழையில் கிணற்றிலும் உவர் குறைந்திருக்கும், அம்மனுக்கு முன்னால் நினைத்த நேரம் நின்று கும்பிடலாம். இந்தத் தொழிலில் நான் சொன்ன நேர்மையான பதில் அது ஒன்றுதான்.

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. திருவிழாவைப் பற்றிக் கேட்டவரை நான் தட்டிக் கழிக்கிறேனாம். இல்லை ஐயா, உண்மையாகத்தான் என்றேன். என் குரலில் உண்மை எப்படிக் கேட்கும் என்று எனக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் போனை வைக்க முதல் அவர் சொன்ன வசனம், மூன்று வருஷமாக நான் மலருக்குச் சொல்லத் துணியாத வசனம்.

"அறை இல்லையெண்டா இல்லையெண்டு நேர சொல்லுங்கோவன், அதுக்கேன் காத்தையும் கடலையும் இழுக்கிறியள்?"

படி இல்லாத அறை

இந்த வருஷம் மலர் எடுக்கவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? கொழும்பில் வாடகை வான் ஓட்டுகிற ஒருவர் வெளிநாட்டுக்காரருக்கு என்னிடம் அறை பிடிப்பது வழக்கம். அவர் வைகாசியில் எடுத்தார். ஒரு அம்மா, ஒரு மகள், தேருக்கு முதல்நாள் வருவார்கள், மூன்று நாள். அம்மாவுக்குப் படி ஏற ஏலாது. தெற்கு அறை இருக்கிறது என்றேன். எப்ப வந்தால் நல்லம் என்று கேட்காத ஆட்கள், அதுவே பெரிய நிம்மதி.

அன்று நல்ல காற்று. ஓட்டோ வேலிப் படலையில் வந்து நின்றது. முதலில் தடி இறங்கியது, பிறகு ஒரு கால், பிறகு மலர். அவள் மகள் பின்னால் பெட்டியை இறக்கினாள். மலரின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. வீடு அவளுடையது, படலை எங்கள் அப்பா போட்டது. அவள் உள்ளே வரவில்லை. வெளியே நின்று என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். எனக்குப் பின்னால் பாக்கியத்தின் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. மலர் சிரித்த மாதிரித்தான் இருந்தது.

"பயப்படாதேயுங்கோ அண்ணை, அறை எடுத்துத்தான் வந்தனான்."

தேர்

அறைக்குள் போனவள் தடியின் நுனியால் பாயை ஒதுக்கினாள். நாலு அடையாளத்தையும் பார்த்தாள். பாயைத் திரும்ப இழுத்து மூடிவிட்டாள். அலுமாரி எங்கே என்று கேட்கவில்லை. நான் விறாந்தையில் நின்று, கேட்டால் சொல்ல மூன்று பதில் வைத்திருந்தேன். மூன்றும் பொய்.

அடுத்த நாள் காலை கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து நிமிட நடை. எங்களுக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. ஒரு கையில் தடி, மற்றக் கை என் தோளில். மகள் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்றாள். தேர் திரும்பி வரும்வரை வெயிலில் நின்றாள், சொந்தக் காலில். அவள் தேரைப் பார்த்தாள். நான் அவளுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வருஷம் முந்தி வந்திருந்தால் அந்தக் கைக்கு என் தோள் தேவைப்பட்டிராது.

போகிற அன்று இறங்குதுறைக்கு நானும் போனேன். அதற்கு முதல், பாக்கியமும் ஓட்டோக்காரரும் நானும் விடிய எழும்பி அலுமாரியைத் தெற்கு அறைக்குள் கொண்டுபோய் வைத்ததை அவள் பார்த்தாள்.  துறையில் கடல் எழும்பிக்கொண்டிருந்தது. படகுக்காரர் கை நீட்டினார். அலை வந்து படகு உயர்ந்த கணத்தில், யாரும் சொல்லாமலே, சரியாகக் காலை வைத்தாள். ஏழு வருஷப் பழக்கம். பிழை என்னில்தான் பிள்ளை என்று தொடங்கினேன்; எஞ்சின் சத்தத்தில் கேட்டதோ தெரியாது. அவள் படகிலிருந்து திரும்பி ஒன்று கேட்டாள்; பகிடியாகவா, உண்மையாகவா என்று முகத்தில் பிடிபடவில்லை.

"அடுத்த முறை எப்ப வந்தால் நல்லம் அண்ணை?"

இப்போது யார் எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டாலும், வீட்டுக்காரியைக் கேளுங்கள் என்று கனடா நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன்.