எழுபது சென்டிமீட்டர்

ஒரு மனிதன் தன் வீட்டுக்குப் போகும் வழியை அவன் கையாலேயே அடைக்க வைத்தவன் நான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை. யோசித்து, யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணத்தையும் தயாராக வைத்துக்கொண்டுதான் செய்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னக் கட்டம் எண்ணுக்காக மினுக்கிக்கொண்டிருந்தது. "எழுபது போடுங்க தம்பி" என்றேன். அவர் விசைகளின் மேல் விரலை வைத்தபடி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அன்று இனித்தது. இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை எழுதுவது கொஞ்சம் எளிது.

எனக்கு ஊர் கொல்லங்கோடு. அரசு வேலையில் பொறியாளராக இருந்து, கடைசியாக வேலை பார்த்த ஏலமலைப் பகுதியிலேயே, எல்லைக்கு அருகே ஒரு சிறு நகரத்தில் வடிவமைப்பு அலுவலகம் ஒன்றைத் திறந்தேன். நான் பலகையில் தாளை ஒட்டிப் பென்சிலால் வரைந்து பழகியவன். கம்ப்யூட்டரில் வரைந்ததைச் சரிபார்க்கத் தெரியும், வரையத் தெரியாது. அதற்காக டிராஃப்ட்ஸ்மேன் ஒருவரை வைத்திருந்தேன். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போனவர். கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் நிற்பார். பின்னால் இருபுறமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்தான் அவருடைய நடை.

அவர் குடும்பம் ஆற்றுக்கு அக்கரையில், ஏலத்தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தது. மனைவி தோட்டத்தில் காய் எடுக்கிறவர். வேலையில் இருக்கும்வரைதான் லயத்தில் வீடு, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அதனால் மனைவியும் மகளும் தாயாரும் அங்கே, இவர் மட்டும் நகரத்தில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறையில். சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போவார். ஆற்றங்கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டால், மனைவியின் தம்பி வந்து முதுகில் தூக்கி, மரங்களைப் போட்டுக் கட்டியிருந்த நடைவழியைக் கடந்து, அப்புறம் ஒரு கிலோமீட்டர் ஏற்றமும் ஏறி வீட்டில் கொண்டுபோய் இறக்குவார். "எம் மச்சினன் முதுகுக்குத்தான் சார் மொதல்ல ரோடு டாக்ஸ் கட்டணும்" என்று திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்குள் இருந்த கூச்சம் எனக்குத் தெரியும். தெரிந்தவன்தான் செய்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த இடத்தில் இரும்பில் ஒரு நடைபாலம் கட்ட முடிவானபோது வடிவமைப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்த ட்ரஸ் பாலம். நடக்க இரண்டேகால் மீட்டர் அகலம். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பாலம் வந்துவிட்டால் வண்டியிலேயே வீட்டு வாசல்வரை போகலாம், தினமும் வீட்டில் படுக்கலாம். ஆற்றிலிருந்து இக்கரையில் பஸ் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர், அக்கரையில் அந்த ஏற்றம். இரண்டு பக்கமும் அவருக்கு வண்டி வேண்டும், வண்டி பாலத்தைக் கடக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பாலத்தின் மாதிரியைக் கம்ப்யூட்டரில் அவர் தனியாக உருவாக்கினார். கணுக்களை வைத்து, அவற்றை இணைத்துச் சட்டங்களை ஓட்டி, கூட்டம் நின்றால் எவ்வளவு பாரம், காற்று அடித்தால் எவ்வளவு என்று ஏற்றிப் பார்த்தார். அதிகம் வருந்தும் சட்டம் திரையில் சிவக்கும். அதைத் தடிப்பாக்கினால் பக்கத்திலிருப்பது மஞ்சளாகும். எல்லாம் நீலத்துக்கு வரும்வரை விடமாட்டார். கடைசியில், அளவு தெரிவதற்காகப் பாலத்தின் மேல் சில மனித உருவங்களை நிறுத்தினார். அவற்றுக்கு நடுவே ஒரு மூன்றுசக்கர ஸ்கூட்டர். ஆயத்த உருவங்களில் அப்படி ஒன்று இல்லாததால், தன் வண்டியை டேப்பால் அளந்து அவரே வரைந்திருந்தார். பின்புறம் கட்டியிருந்த கக்கத்துக் கட்டைகள்கூட அதில் இருந்தன.

பாலத்தை ஊராருக்குக் காட்ட மாதா கோயில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சுவரில் புரொஜெக்டர் படம். பாரம் ஏறினால் பாலம் எப்படி வளையும் என்பதை, கண்ணுக்குத் தெரிவதற்காக, நூறு மடங்கு பெரிதாக்கித்தான் மென்பொருள் காட்டும். சுவரில் பாலம் தொய்ந்து தொங்கியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தே விட்டார்.

"ஏ யய்யா, இது பாலமா தொட்டிலா? இதுலயா எம் பிள்ளைகள அனுப்பணும்?"

நான் விளக்கப் போனேன். பாலத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினால் புரியும் என்று மவுஸை டிராஃப்ட்ஸ்மேன் கையிலிருந்து வாங்கினேன். எதையோ இழுத்தேன். பாலம் கவிழ்ந்தது. ஆறு மேலேயும் பாலம் கீழேயும் ஆயிற்று. நேராக்கப் பார்த்தேன், இன்னும் சுற்றியது. அப்போது அவர் மைக்கை வாங்கிச் சொன்னார்:

"யாரும் பயப்படாதீங்க. சார் இப்ப ஆத்தத் தூக்கிப் பாலத்துக்கு மேல விட்டுட்டாரு. இனி எம்புட்டு வெள்ளம் வந்தாலும் பாலத்த ஒண்ணும் இழுத்துட்டுப் போவாது."

கூடம் அதிர்ந்தது. பஞ்சாயத்து மெம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பின்னாலிருந்து ஒருவன், "சார் பழைய பாலமெல்லாம் இப்பிடித்தான் கெட்டுனாரா?" என்றான். இன்னொரு அலை. நானும் சிரித்தேன். அவர் பயத்தைக் கலைக்கச் சொன்னார், அதில் விஷம் எதுவும் இல்லை. பிறகு ஒரே தட்டலில் படத்தை நேராக்கி, உண்மையில் பாலம் வளைவது விரல் தடிமன்தான் என்று எல்லோருக்கும் புரியவைத்துக் கைதட்டல் வாங்கினார். அந்தச் சிரிப்பையும் அந்தக் கைதட்டலையும் மன்னிக்க என்னால் முடியவில்லை.

அதே கூட்டத்தில் ஒரு தாய், பையன்கள் பாலத்தில் பைக் ஓட்டுவார்களே, குழந்தைகள் நடக்கிற இடமாயிற்றே என்று கேட்டிருந்தார். ஒரு வேகத்தடையும் பலகையும் போதும் என்று முடித்திருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து டிராஃப்ட்ஸ்மேன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இக்கரை முனையில் இரண்டு இரும்புத் தூண்களை நட வேண்டும், மூன்று இடைவெளி, பைக்கின் ஹேண்டில் நுழையக் கூடாது என்றேன். இடைவெளி எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

"சார், எழுபதா?"

"ஆமாங்க தம்பி. கொழந்தைங்க நடக்கற பாலமுங்க."

அவர் வண்டியின் அகலம் ஒரு மீட்டருக்கும் மேல். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். எண்ணைத் தட்டினார். தூண்கள் முளைத்தன. அவர் வரைந்த ஸ்கூட்டர் தூண்களுக்கு இந்தப் பக்கம் நின்றது. "அந்த வண்டிய எடுத்துருங்க தம்பி, பாக்கறவங்களுக்குக் கொழப்பமாயிரும்" என்றேன். எடுத்தார். அவர் மெம்பரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், தன் ஒருவனுக்காகக் குழந்தைகளை ஆபத்தில் தள்ளுகிறான் என்ற பேர் வரும். அவர் சொல்ல மாட்டார் என்பதையும் சேர்த்துத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

பாலம் எழுந்தது. திறப்பு விழாவில் மேளம் அடித்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். மச்சினன் வழக்கம்போல முதுகைக் காட்டிக் குனிந்தார். இவர் மறுத்துவிட்டார். "பாலம் இல்லாதப்ப தூக்குன, செரி. நான் வரஞ்ச பாலத்துல நான் ஒம் முதுகுலயா போவேன்?" கட்டைகளை ஊன்றிப் பாலத்தைக் கடந்தார், ஏற்றத்தில் அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். சில சனிக்கிழமைகள் அப்படிப் போனார். மழைக்காலத்தில் அதுவும் நின்றது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியும் மகளும் தாயாரும் இறங்கி வருவார்கள். தூண்களுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து, தூக்குச் சட்டியைத் திறந்து, நால்வரும் சாப்பிடுவார்கள். அவ்வழியாக ஒருமுறை காரில் போனபோது பார்த்தேன். அப்போதும் என் மனம் இளகவில்லை. மகள் ஒரு தூணைப் பிடித்துச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

தாயாருக்கு மூட்டு தேய்ந்து, இறங்கி வருவது நின்றது. சில மாதத்தில் இறந்துபோனார். கல்லறைத்தோட்டம் இக்கரையில். நானும் போயிருந்தேன். அவர் தூண்களுக்கு இந்தப் பக்கம், வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தார். பெட்டியைத் தோளில் சுமந்து பாலத்தின் மேல் வந்தவர்கள் தூண்களிடம் நின்றுவிட்டார்கள். ஆள் ஆளாகத்தான் நுழைய முடியும். "இங்கன வைங்கப்பா, மகன் பாத்துக்கிடட்டும்" என்று யாரோ சொன்னார்கள். பெட்டியை இரண்டு தூண்களின் மேலும் குறுக்காக வைத்து, இரு முனையிலும் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தார்கள். அவர் கட்டைகளை ஊன்றி எழுந்து, அருகில் போய்த் தாயின் முகத்தைப் பார்த்தார். ஒரு கையால் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னார்:

"ஒயரம் செரியா இருக்கு சார். குனிய வேண்டியதில்ல."

அந்த வாரமே அவரைத் தனியாக உட்கார வைத்து, வேண்டுமென்றேதான் செய்தேன் என்று சொன்னேன். அவர் திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"தெரியும் சார். நீங்க சொன்ன அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏனுங்க தம்பி எங்கிட்டயே இருந்தீங்க?"

"மத்த ஆபீசெல்லாம் மாடியில இருக்கு சார்."

அக்கரையில் வைத்துக்கொள்ள இன்னொரு வண்டி வாங்கித் தருகிறேன் என்றேன். "சார் குடுத்த வண்டின்னு லயத்துல சொல்ல வைக்காதீங்க" என்று மறுத்தார். தூண்களையே எடுத்துவிட வேண்டும் என்று மெம்பரிடம் போனேன். "பிள்ளைகளுக்கு ஆபத்துன்னு சொன்னதே நீங்கதான சார்? இப்ப ஆபத்து மலையேறிப் போச்சா?" என்றார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டேன். இரண்டில் ஒரு தூணை மட்டும் கழற்றி மாட்டும்படி செய்து, பூட்டுப் போட்டு, சாவியை டிராஃப்ட்ஸ்மேனிடம் கொடுப்பது. அந்தப் படத்தை நானே கம்ப்யூட்டரில் வரைந்தேன். ஒரு தூணுக்கும் ஒரு பூட்டுக்கும் எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மெம்பர் சம்மதித்தார். செலவு என்னுடையது.

அவர் வண்டியில் வீட்டுக்குப் போனார். காலையில் வீட்டுச் சோற்றோடு வந்தார். சட்டை தேய்த்திருந்தது. அந்த ஒன்றரை மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

சாவி ஒரு மனிதனிடம் இருந்தால் ஊர் அந்த மனிதனிடம் வரும் என்பதை நான் நினைக்கவில்லை. கேஸ் சிலிண்டர் ஏற்றிய பைக், கல்யாணச் சாமான், காய்ச்சல்காரக் கிழவர். யாருக்கு இல்லை என்று சொல்வார்? தன்னைக் கரையேற்றிய ஊருக்கு அவர் கதவைச் சாத்த முடியவில்லை. சாவி கைமாறத் தொடங்கியது. ஒருநாள் யாரோ கழற்றிய தூணை மாட்டாமல் கைப்பிடி ஓரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். பைக்கில் பறந்து வந்த ஒரு பையன், பள்ளிவிட்டு நடந்து வந்த சிறுமியை இடித்துத் தள்ளினான். கை இரண்டு இடத்தில் முறிந்தது. அவள் மச்சினனின் மகள்.

"ஒன் வண்டி போவணும்னு எம் பிள்ள கையக் கேட்டியாக்கும்? இந்த முதுகுல எத்தன வருசம் போன, மறந்துட்டியா?" என்று மச்சினன் லயத்தின் நடுவில் நின்று கத்தினாராம். நான் பொய்யாகச் சொன்ன காரணம் இப்போது மெய்யாகியிருந்தது. அதன் பழி அவர் தலையில் விழுந்தது.

அடுத்த ஞாயிறு, கழற்ற முடியாதபடி அந்தத் தூணைப் பற்றவைக்க அவரே வெல்டரை வரவழைத்தார். கேள்விப்பட்டு ஓடினேன். வேண்டாம், பூட்டை மாற்றலாம், சாவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். வெல்டர் தூணை ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவரிடம் கேட்டார்:

"அண்ணே, ஒங்க வண்டி எந்தப் பக்கம் நிக்கணும்?"

இக்கரை என்றால் வேலை, அக்கரை என்றால் வீடு. அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பி, இடைவெளி வழியாகப் பாலத்தின் மேல் ஏறி, அக்கரையில் போய்த் திருப்பி நிறுத்தினார். கையை உயர்த்தி, "அடிங்க" என்றார். பொறி பறந்தது.

அதற்குப் பிறகு அவர் என் அலுவலகத்துக்கு வரவில்லை. தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய்ச் சாக்குகளுக்குப் பெயிண்டில் எண் எழுதுகிறார் என்றும், மச்சினன் இன்னும் பேசவில்லை என்றும் கேள்வி. நான் இரண்டு முறை ஆள் அனுப்பினேன். சாருக்கு வேறு ஆள் கிடைப்பார் என்று பதில் வந்தது.

அன்று வெல்டர் வேலையை முடித்து, கண்ணாடியைக் கழற்றி, தூணை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அக்கரையில் வண்டி ஏற்றத்தில் ஏறிப் போய்விட்டிருந்தது. வெல்டர் என் பக்கம் திரும்பி, "சார், கூலி யாருட்ட வாங்கணும்?" என்று கேட்டார்.

நான்தான் கொடுத்தேன்.