அண்ணன் பெயரில் வந்த பென்ஷன்

துறைமுகத்தின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். உள்ளே எல்லாரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. ராயபுரத்தில் ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளிகள் கூடுகிற ஒரு மாடி அறையில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்து, அவர்களுக்கு வரிப் படிவம், வங்கிக் கடிதம் என்று எழுதிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. அதற்குப் பதிலாகத் திட்டுவேன். காகிதத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளாத மனிதர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

2023 ஆகஸ்டில் அசோகன் பாஸ்புக்கோடு படியேறி வந்தபோதும் திட்டத்தான் செய்தேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருப்பவர். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய உடம்பு. தோள் மட்டும் இன்னும் அகலமாக இருந்தது. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கந்தகமும் தாதுமண்ணும் சுவாசித்த நெஞ்சு வேறு எப்படி இருக்கும்.

"இன்னா ரைட்டரே, பென்ஷன்ல ஆறாயிரத்து நானூறு ரூபா கொறையுது. எவன் எடுத்தான்?"

"கவர்மெண்டு எடுத்துச்சு. பான் கார்டை ஆதாரோட இணைச்சியா?"

அவர் பாஸ்புக்கைப் புரட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். பென்ஷன் என்பதும் வருமான வரிச் சட்டத்துக்குச் சம்பளம்தான், அதற்கும் கணக்கு உண்டு. முறைப்படி பார்த்தால் உன் வருமானத்துக்குத் தள்ளுபடி போக ஒரு பைசா வரி வராது. ஆனால் பான் கார்டு செத்துப்போனால் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள், இணைக்கிறவரை திரும்பியும் தரமாட்டார்கள். இரண்டு வருஷமாக டி.வி.யில் கத்தினார்களே, காது எங்கே போயிருந்தது? இப்படி ஒரு கால் மணி நேரம் பேசியிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். எதிர்த்துப் பேசாத ஆளைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை அன்றைக்கு நான் நன்றாகவே அனுபவித்தேன்.

ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டினால் தீர்ந்துவிடும் என்று அவரைக் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனேன். தெருமுனையில் எழில்மொழி என்ற பெண் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். இரண்டு கார்டையும் வாங்கிப் பார்த்தவள் பணம் கட்டும் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

"தாத்தா, இது வேற யாரோ கார்டு. பான்ல லோகநாதன்னு கீது, பொறந்தது நாப்பத்தெட்டு. ஆதார்ல அசோகன், அம்பத்தி மூணு. ரெண்டும் சேராது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல வருஷம் நான் என் கையால் வருகைப் பதிவேட்டில் இந்த மனிதரை லோகநாதன் என்றே எழுதியிருக்கிறேன். வெளியே வந்த பிறகு கூட்டாளிகள் அசோகன் என்று கூப்பிட்டபோது, வீட்டில் வைத்த செல்லப் பெயராக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னது இது. லோகநாதன் அவருடைய அண்ணன். ஹார்பரில் தினக்கூலியாக இருந்து, பித்தளைப் பில்லை வாங்கியவர். அந்தக் காலத்தில் பில்லையில் எண் மட்டும்தான் இருக்கும், போட்டோ கிடையாது. பில்லை இருந்தால் கேட்டுக்குள் போகலாம். சில வருஷத்தில் வேலை நிரந்தரமாகும். 1974 மார்கழியில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பன்னிரண்டே நாள். கல்யாணம் ஆகவில்லை.

பிணத்தைப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் வந்தவர் வெள்ளத்துரை, அண்ணன் வேலை செய்த கூட்டத்தின் மேஸ்திரி. நல்ல மனிதர்தான். லோகநாதன் செத்தான் என்று சீட்டு எழுதினால் பில்லை போய்விடும், இந்த வீட்டில் நாளைக்கு யார் சோறு போடுவது என்று கேட்டார். சின்னவன் அசோகன் அண்ணன் மாதிரியே இருக்கிறான், பில்லையை அவன் கழுத்தில் மாட்டு என்றார். சாவுச் சீட்டு எழுத வந்த டாக்டர் பெயர் கேட்டபோது, அம்மா சின்ன மகனைப் பார்த்துக்கொண்டே, "அசோகன்" என்றாராம். அடுத்த வாரம் அசோகன் லோகநாதனாகக் கேட்டுக்குள் போனார். முப்பத்து நாலு வருஷம் அப்படியே போய்வந்தார்.

"அண்ணன் வயசுக்கு ரிட்டையர் பண்ணி அனுச்சிட்டாங்க. எனக்கு அப்ப அம்பத்தஞ்சுதான். அஞ்சு வருசச் சம்பளம் போச்சு. கேக்க முடியுமா?" என்றார். "வூட்டாண்ட நான் அசோகன்தான். ரேஷன் கார்டு, ஓட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் எம் பேருதான். ஆதாருக்கு வந்தவங்க ரேஷன் கார்டப் பாத்து எழுதிகினு விரலப் புடிச்சாங்க. அப்ப தெரியல ரைட்டரே, இதெல்லாம் ஒருநாள் ஒண்ணா வந்து நிக்கும்னு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மேஸ்திரி செத்துப்போய்விட்டார், அம்மாவும் இல்லை. திட்டுவதற்கு மிச்சமிருந்தவர் முன்னால் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

வழி இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பான் கார்டை அசோகன் என்று மாற்றினால் பென்ஷன் காகிதத்தோடு ஒட்டாது. வங்கி கேள்வி கேட்கும். கேள்வி வந்தால் ஆள்மாறாட்டம் என்று பென்ஷனை நிறுத்தி, கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள். ஆதாரை லோகநாதன் என்று மாற்றுவதென்றால் பிறந்த தேதி முதல் மகள் மதியின் பள்ளிச் சான்று வரை எல்லாவற்றிலும் புதுப்பொய் சொல்ல வேண்டும். எண்பது வயதானவர்களுக்கு இணைப்பு கட்டாயமில்லை என்று ஒரு விலக்கு இருந்தது. லோகநாதனுக்கு எண்பதாக இன்னும் ஐந்து வருஷம். அதுவரை வரியைப் பிடித்துக்கொள்ளட்டும், வாயைத் திறக்க வேண்டாம் என்றேன்.

அசோகன் தலையாட்டினார். "ஆறாயிரம் போனா போவுது. எனக்கு அது இல்ல ரைட்டரே. நான் போய்ட்டா ராஜாத்திக்கு வருமா?"

அவருடைய கேள்வி அது ஒன்றுதான். பென்ஷன் புத்தகத்தில் மனைவி ராஜாத்தியின் படம் அவர் பக்கத்தில் ஒட்டியிருந்தது. குடும்ப ஓய்வூதியம் மாதம் பத்தொன்பதாயிரம் வரும். சட்டம் அதைச் சம்பளமாகக் கருதாமல் வேறு வருமானமாகக் கருதுகிறது, அதிலும் ஒரு கழிவு உண்டு, அந்த அம்மாவுக்கு வரியே வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரே ஒரு நிபந்தனை. சாவுச் சீட்டில் லோகநாதன் என்று இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவர் சாவதற்குத் தயாரானார். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். போனால் ஆதார் கேட்பார்கள், அசோகன் என்ற பெயரில் படுக்கை போடுவார்கள், அந்தப் பெயரிலேயே வெளியே அனுப்புவார்கள். நெஞ்சில் பூனை கத்துவதுபோல் சத்தம் வந்தபோதும் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டார். வீட்டில்தான் சாக வேண்டும், தெரு டாக்டர்தான் சீட்டு எழுத வேண்டும். இந்த யோசனை பாதி என்னுடையது. அதை மறைக்கப் போவதில்லை.

ஒருநாள் சாயங்காலம் பென்ஷன் புத்தகத்தின் ஜெராக்ஸ் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் அண்ணன் படம் இருந்தது. அதற்குக் கீழே பெயர் எழுதவில்லை. ஆணியில் பில்லை தொங்கியது. அசோகன் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு மனைவியைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டரு பேரு கேட்பாரு. இன்னா சொல்லுவ?"

"லோகநாதன்," என்றார் ராஜாத்தி, கீரையை ஆய்ந்துகொண்டே.

"வயசு?"

"எழுவத்தாறு."

"ஆதார் கேட்டா?"

"தொலஞ்சி போச்சு. பென்ஷன் பொஸ்தகம் கீது."

அசோகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாப்பத்திரண்டு வருசம் ஆச்சு ரைட்டரே. எம் பேர ஒரு தபா சொன்னதில்ல இவ. இத்த மட்டும் பட்டுனு சொல்றா பாரு."

"அது உம் பேரா இன்னா? பெரிய மாமா பேரு. சொல்றதுக்கு எனக்கு இன்னா கீது?"

அவர் சிரிப்பு அப்படியே இருமலாக மாறியது. இருமி முடித்தபிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜாத்தி கீரைத் தண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் ஜெராக்ஸைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

2024 ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மோர் கேட்டாராம். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு மதி போன் செய்தாள். அவள் மீஞ்சூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். நான் பென்ஷன் புத்தகத்தை நினைத்துக்கொண்டுதான் ஓடினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செத்தவரைப் பற்றி முதலில் நினைக்கவில்லை, அந்தச் சீட்டைப் பற்றித்தான் நினைத்தேன்.

டாக்டர் எனக்கு முன்பே வந்திருந்தார். இளைஞர், பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருப்பவர். நாடி பார்த்து, கண்ணைத் திறந்து பார்த்து, பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். ராஜாத்தி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பென்ஷன் புத்தகம் அவர் மடியில் இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

"பேரும்மா?"

ராஜாத்தி அண்ணன் படத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். பெயர் கேட்ட டாக்டருக்கு அவசரமில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அசோகன்," என்றார் ராஜாத்தி.

நான் முன்னால் போனேன். "டாக்டர், துறைமுகத்துல இவருக்கு லோகநாதன்னு..."

"அண்ணே, நீ சும்மா இரு," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு டாக்டரிடம் திரும்பி, "அசோகன். எழுவத்தொண்ணு. எழுதிக்கப்பா," என்று சொல்லி, ரவிக்கைக்குள்ளிருந்து ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தார். பென்ஷன் புத்தகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

பத்தொன்பதாயிரம் ரூபாய். அந்த அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது, வேறு வருமானம் இல்லை. மகள் வீட்டு நிலைமையும் சுமார்தான். எனக்கு அங்கேயே கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த மனிதர் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் மூச்சு முட்டிக் கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்காக. அவர் சேர்த்து வைத்ததையெல்லாம் இவர் ஒரு நொடியில் கொட்டிவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ராஜாத்தியிடம் கேட்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், பதற்றத்தில் வாய் தவறிவிட்டதா என்றேன்.

"வாய் தவறல. தெரிஞ்சுதான் சொன்னேன்," என்றார். "அவங்கம்மா அன்னிக்கு வேற வயி இல்லாம உசுரோட கீற புள்ளைய செத்துட்டான்னு சொன்னாங்க. அதுக்கப்பால அம்பது வருசம் ஹார்பர்லயும் பென்ஷன்லயும் அவருக்கு அவரு பேரே இல்ல. நானும் ஒரு தபா கூப்டல. சாவுறப்ப மூஞ்ச பாத்தேன் அண்ணே. பெரிய மாமா பேரச் சொல்லி இவர அனுப்ப மனசு வரல. சோறு நான் எப்டியும் தின்னுப்பேன்."

சொல்வதற்கு என்னிடம் கணக்கு மட்டும்தான் இருந்தது.

இப்போது காகிதத்தில் நிலைமை இது. அசோகன் 1974-ல் ஒருமுறை, 2024-ல் ஒருமுறை என இரண்டு தடவை செத்திருக்கிறார். லோகநாதன் சாகவே இல்லை. அதனால் லோகநாதனுக்குப் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. பான் கார்டு இன்னும் இணைக்கப்படாததால் வரியும் பிடிக்கப்படுகிறது. பிடிக்கிறபோது யார் என்று யாரும் கேட்கவில்லை. கொடுக்கிற இடத்தில்தான் கேட்பார்கள். கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கக்கூடாது, எடுத்தால் குற்றம் என்று ராஜாத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கவே வேண்டாம். அவர் ஏ.டி.எம். கார்டைப் பில்லையோடு சேர்த்து அதே ஆணியில் மாட்டிவிட்டார்.

காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறார். ஐஸில் கிடந்த இறால். விரல் நுனியெல்லாம் வெந்ததுபோல் வெளுத்திருக்கிறது. அசோகனுடைய போனை மட்டும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். ஜூலை கடைசி நாள் வேலைக்குப் போகும் வழியில் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்னமோ வந்துகீது. படி அண்ணே."

வங்கியிலிருந்து வந்த செய்தி. லோகநாதன் கணக்கில் ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்டது, வரிப் பிடித்தம் போக இவ்வளவு என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அப்ப பெரிய மாமா இன்னும் வரி கட்டிகினு கீறாரு."

"ஆமா. நவம்பர்ல உயிரோட கீறேன்னு சொல்ல ஆள் வரலேன்னா நிறுத்திடுவாங்க."

"அதுவரைக்கும் கட்டட்டும்," என்று சொல்லிவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு இறால் ஷெட்டுக்கு நடந்தார்.