எல்லை இருக்குமாயின்

எண்பதுகளின் நடுவில், பக்கத்து வீட்டு மாமியின் வயல் எல்லை விசாரணைக்கு வந்தது. அடுத்த வயல்காரர் வருடத்துக்குக் கொஞ்சமாக வரம்பைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். மாமியின் காணி உறுதிப் பத்திரத்தில் அளவு இல்லை. வரைபடம் சூறாவளியோடு போனது. அந்தத் துண்டு போனால் வருடம் முழுக்கச் சோற்றுக்கு நெல் காணாது.

மாமியின் தம்பி கணிதப் பேராசிரியர். நாற்பது வருடம் முடிவிலியோடு மல்லுக்கட்டியவர். அவருடைய தேற்றமொன்றை வெளிநாடுகளில் அவர் பெயராலேயே படிப்பிக்கிறார்கள் என்று, அவர் மௌத்தானபோது பத்திரிகை மரணச் செய்தியில் போட்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது, பெருநாளைக்கு வந்தால் வட்டிலப்பம் கேட்டுத் தின்பார், தின்னும்போதே விரலால் மேசையில் ஏதோ எழுதுவார் என்பதுதான்.

அதற்குப் பிறகு அவருடைய புத்தகப் பெட்டி மாமி வீட்டுக்கு வந்திருந்தது. விசாரணைக்கு முதல் நாள் மாமி அதிலிருந்த ஒரு கொப்பியோடு ஓடி வந்தார். அட்டையில் ‘எல்லை’ என்று எழுதியிருந்தது.

“மனே, நீதானே கெடைக்கிறதெல்லாம் வாசிக்கிற ஆள். வாசி பாப்பம். என்ட தம்பி நமக்குத்தான் எழுதி வெச்சிரிக்கான்.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு முதல் பக்க விளக்கமும் அதன் கீழே ஒரு வரியும்தான் விளங்கின: ‘எல்லை இருக்குமாயின் அது ஒன்றே.’

மாமி கையைத் தட்டினார். “பாத்தியா? ஒண்டுதான்! ரெண்டாவது எல்லை எங்கெயிரிந்து வந்த?”

“மாமி, இது வயல் எல்லை இல்ல. ஒரு எண் இன்னொண்டுக்குக் கிட்டக் கிட்டப் போற கணக்கு. போய்ச் சேராமலும் இரிக்கும்.”

“போய்ச் சேராத இடத்துக்கு ஆராச்சும் கொப்பி எழுதுவானா? விசரா ஒனக்கு?”

அந்த வாய்க்கு முன்னால் என் பேச்சு எங்கே எடுபடும்? மறுநாள் நானும் கூடப் போனேன். விசாரணை அதிகாரி கொப்பியைப் பொறுமையாகப் புரட்டினார். சிரிக்கவில்லை.

“உம்மா, இது பெரிய மனிசன்ட எழுத்து. ஆனா கணக்கு,” என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வரம்பு இப்போது இருக்கும் இடமே எல்லை என்று முடிவாயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமி கொப்பியை மடியில் வைத்திருந்தார். சம்மாந்துறை தாண்டியதும், “அந்த வரிய இன்னொருக்கா வாசி,” என்றார். வாசித்தேன்.

“‘இருக்குமாயின்’ எண்டா என்ன மனே?”

“இருந்தா எண்டு அர்த்தம் மாமி.”

அட்டையில் இருந்த எழுத்தை விரலால் தடவினார். “அப்ப இருந்தா எண்டுதானே சொல்லிரிக்கான். இரிக்கி எண்டு சொல்லல்லியே.”



“ஓம் மாமி, சொல்லல்ல,” என்றேன்.