லிப்டில் பேசாமல் நின்ற இரண்டு பேர்

மீமிசல் கடைத்தெருவில் பர்தா கடை வைத்திருக்கும் ரஹ்மத் நிஷா, துணி எடுக்க வந்தவர்களிடம் முகம் சுளித்ததே கிடையாது. கார் ரேஸ் நேரம் மட்டும் அதற்கு விலக்கு. சுவரில் மாட்டிய டிவிக்குக் குறுக்கே யாராவது நின்றுவிட்டால், "கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க, மருதாணி வாரான்" என்பாள். வந்தவள் பதறிப்போய் வாசலைப் பார்ப்பாள். வாசலில் ஆட்டுக்குட்டிதான் நிற்கும். டிவியில் ஒரு சிவப்புக் கார் விர்ரென்று போகும்.

மருதாணி என்பது அந்தக் காரை ஓட்டுகிறவன். தாடி செக்கச் செவேலென்று இருப்பதால் அவள் வைத்த பெயர். அவனுடைய நிஜப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பாதியிலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டது, விட்டுவிட்டாள்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் புருஷன் முகமது ரபீக்தான். அவர் பஹ்ரைனில் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ரேஸ் வாரம் வந்தால் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவார். காது கிழிகிற சத்தம். ஒரு நாள் வீடியோ காலில், "இந்தச் சத்தத்துல மனுசன் இருப்பானா, நீயே பாரு" என்று போனை ரேஸ் பக்கம் திருப்பினார். ஒரு கார் வந்து நின்றது. ஆட்கள் ஈ மொய்த்த மாதிரி மொய்த்தார்கள். நாலு டயரும் மாறிவிட்டன. கார் போயேபோய்விட்டது.

"என்னங்க," என்றாள் ரஹ்மத் நிஷா, "அந்த ஆளுங்களை நம்ம பக்கம் அனுப்பி வைக்கச் சொல்லுங்களேன். அறந்தாங்கியில ஒரு பஞ்சர் ஒட்டுறதுக்குள்ள பொழுது சாஞ்சு அசருக்குப் பாங்கு சொல்லிர்றாங்க."

அன்று பிடித்ததுதான். ரபீக் ஊரோடு வந்துவிட்டார். இப்போது ரேஸ் சத்தம் கேட்டாலே கோபாலப்பட்டினம் கடற்கரைக்கு எழுந்து போய்விடுவார். அவளோ ரேஸ் இருக்கும் நாளில் மக்ரிப் தொழுதுவிட்டு ஸலாம் கொடுத்த கையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

பஞ்சர் ஒட்ட நேரமெடுத்த அந்த டயர் கடைக்காரர் ஹாஜா முகைதீன், பின்னாளில் அவளுக்குச் சம்பந்தியானார். மகள் நுஸைபாவைப் பெண் பார்க்க வந்த அன்று, ஹாலில் மாட்டியிருந்த சிவப்புத் தொப்பியைப் பார்த்துவிட்டு மனிதர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"செவப்பு டீமாங்க?"

"ஆமா. நீங்க?"

"நாங்க நீலம்."

நீல டீமின் ஓட்டுநரை ரஹ்மத் நிஷாவுக்கு அறவே பிடிக்காது. ஜெயித்தாலும் சிரிக்க மாட்டான், தோற்றாலும் அழ மாட்டான். அவனுக்கு அவள் வைத்த பெயர் ஐஸ்கட்டி. "மாப்பிள்ளை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை ஷாகிர் பஹ்ரைனில் ஒரு பெரிய ஓட்டலில் ஏசி மெக்கானிக். இரண்டு பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "எனக்கு வண்டியெல்லாம் தெரியாதுங்க மாமி. சூடா இருந்தா கூலிங் பண்ணுவேன், அவ்வளவுதான்" என்றான். அந்த ஒரு பதிலுக்காகவே பெண்ணைக் கொடுத்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு நுஸைபா அறந்தாங்கியில் மாமனார் வீட்டில் இருந்தாள். சம்பந்திகளுக்கிடையே ஒவ்வொரு ரேஸுக்கும் வாய்ஸ் மெசேஜ் பறந்தது. அதெல்லாம் சிரிப்போடு போன சண்டைதான். ஒரு வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு பஹ்ரைன் ரேஸ் வந்தபோதுதான் விவகாரம் முற்றியது.

அந்தப் புதன்கிழமை காலையில் ஹாஜா முகைதீன் கடை வாசலில் வந்து இறங்கினார். கையில் அல்வாப் பெட்டி.

"என்ன சம்பந்தி, அல்வா குடுக்கவே அறந்தாங்கியிலேருந்து வந்தீங்களா?"

"நியூஸ் பாக்கலையா? அடுத்த வருசம் ஒங்க மருதாணி எங்க நீல டீமுக்கு வாரானாம். பேச்சு முடியப் போகுதாம். லண்டன் பேப்பர்லயே வந்துருச்சு."

ரஹ்மத் நிஷா தையல் மெஷினை நிறுத்தினாள். "பொண்ணைக் குடுத்தாச்சு. இப்ப இவனையும் கேக்குறீங்களா?"

"பொண்ணை நல்லா வச்சுருக்கோமா இல்லையா? இவனையும் நல்லா வச்சுக்கிறோம். அல்வாவை எடுத்துக்கங்க."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவளும் சிரித்துத்தான் அனுப்பினாள். பிறகு பார்த்தால், பர்தாவின் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்திருந்தாள். அதைப் பிரித்துப் போட்டுவிட்டு மருமகனுக்குப் போன் அடித்தாள்.

"மாப்பிள்ளை, ரேஸ்காரங்க எல்லாம் ஒங்க ஓட்டல்லதான் எறங்கியிருக்காங்களாமே?"

"ஆமா மாமி. ஆனா தங்குறவங்களைப் பத்தி வெளிய பேசக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

"நான் வெளியவா? நான் மாமி."

அதற்கு மேல் அவனால் என்ன செய்ய முடியும்? "ஒன்னும் விசேசம் இல்ல மாமி. நேத்து ஏணியோட லிப்ட்ல ஏறினேன். அந்த ஐஸ்கட்டியும் ஒங்க செவப்பு டீம் மேனேஜரும் உள்ள நின்னாங்க. அவ்வளவுதான்."

"என்ன பேசிக்கிட்டாங்க?"

"பேசவே இல்ல. ஆளுக்கொரு போனைப் பாத்துக்கிட்டு நின்னாங்க."

"ஒரு வார்த்தை கூடவா பேசல?"

"ஒரு வார்த்தை கூட இல்ல மாமி."

"அப்ப பேசி முடிச்சுட்டாங்க."

"மாமி..."

"சம்பந்தம் பேசி முடிச்சு வெளிய சொல்லாம வச்சிருக்குற ரெண்டு வீட்டுக்காரங்க கடைத்தெருவுல எதிர்ப்பட்டா எப்படிப் போவாங்க? தெரியாத மாதிரித்தானே போவாங்க? வைங்க போனை, ஒங்களுக்கு வேலை இருக்கும்."

அவளுக்கு ஒரு கணக்கு விளங்கிவிட்டது. மருதாணி நீல டீமுக்குப் போவதானால் அங்கே ஒரு சீட் காலியாக வேண்டும். அது ஏன் ஐஸ்கட்டியின் சீட்டாக இருக்கக் கூடாது? அவன் ஏன் சிவப்புக்கு வரக் கூடாது? உண்மையா பொய்யா என்பது அவளுக்கு முக்கியமில்லை. சம்பந்தி இன்று ராத்திரி சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஹாஜாவின் கடையில் வேலை பார்க்கும் அழகுமலையின் பெண்சாதி, அளவு ஜாக்கெட்டைத் திருப்பி வாங்க அந்த நேரம் பார்த்து வந்தாள். ரஹ்மத் நிஷா அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு துண்டு அல்வா கொடுத்து, குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க மொதலாளியோட ஐஸ்கட்டி நீலத்தை விட்டுப் போறானாம். எம் மருமகன் ஏசி பாக்கப் போன எடத்துல, லிப்ட்ல அவனையும் செவப்பு மேனேஜரையும் ஒன்னாக் கண்ணால பாத்திருக்காரு. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

யாரிடமும் சொல்லாதே என்றால் போதாதா? அந்த அம்மாள் அடுத்த பஸ்ஸில் ஏறினாள். பஸ் ஆவுடையார்கோயில் தாண்டுவதற்குள் செய்தி போனிலேயே டயர் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் ஹாஜா முகைதீனின் குரலில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை. "என்ன சம்பந்தி, என்னமோ சொன்னீங்களாமே?"

"நானா? நான் ஒன்னும் சொல்லலீங்க. மாப்பிள்ளை பாத்ததை நான் எப்படிங்க வெளிய சொல்றது?"

அவர் ராத்திரி சாப்பிடவில்லை என்று நுஸைபா சொன்னாள். ரஹ்மத் நிஷா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. தூக்கம் வராத மனிதர், மகன் போனை எடுக்காமல் போகவே, ரேஸ் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டார்: "என் மகன் பஹ்ரைனில் ஓட்டல் ஏசி மெக்கானிக். நம்ம நீல டீம் ஓட்டுநரையும் சிவப்பு மேனேஜரையும் லிப்டில் ஒன்றாகப் பார்த்திருக்கிறான். இது உண்மையா, யாராவது சொல்லுங்கப்பா." அந்தக் குரூப்பில் சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று எல்லா ஊர்ப் பையன்களும் உண்டு. ஒருத்தன் அதை இங்கிலீஷில் போட்டான். இன்னொருத்தன் லிப்டை எடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையைப் போட்டான். வியாழக்கிழமை மத்தியானம் நுஸைபா போனில் படித்துக் காட்டினாள்.

"'ஓட்டலில் ரகசிய விருந்து. நம்பத்தகுந்த வட்டாரம் தகவல்'னு போட்டுருக்காங்கம்மா."

"நம்பத்தகுந்த வட்டாரமா? மீமிசல் வட்டாரத்தையா சொல்றான்?"

"ம்மா, நீங்க கட்டிவிட்டதுதானே இது!"

"நான் சொன்னது லிப்ட். இவன் விருந்துன்னு எழுதியிருக்கான். அப்ப இவனுக்கு வேற எடத்துலேருந்தும் தகவல் வந்திருக்குமோ?" அவளுக்கே இப்போது லேசாக ஒரு நம்பிக்கை தட்டியது. ஐஸ்கட்டி சிவப்புக்கு வந்தால் அவனைச் சிரிக்கவைப்பது எப்படி என்று கூட யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம் ஷாகிர் கூப்பிட்டான்.

"மாமி, ஏசி செக்சன் ஆளுங்க எல்லாரையும் வரிசையா நிக்கவச்சுக் கேக்குறாங்க. மெக்கானிக் ஒருத்தன்தான் சொன்னான்னு நெட்ல வந்திருக்காம். நான்தான்னு தெரிஞ்சா வேலை போயிரும்."

அடுத்த போன் நுஸைபாவிடமிருந்து. "ஒங்க மருதாணிக்காக எம் புருசன் வேலைக்கு ஒலை வச்சுட்டீங்களேம்மா!" என்று ஒரே அழுகை.

அப்போதிருந்து கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவளே வலியச் சொன்னாள்: "அது பொய்யுங்க. நானே சம்பந்தியை வெறுப்பேத்தக் கட்டிவிட்டது." யாரும் நம்பவில்லை. ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மேலிடத்துலேருந்து மெரட்டியிருப்பாங்க, புரியுது. நீங்க பயப்படாதீங்க" என்றாள். இன்னொருத்தி வெளியே போய், "மறுத்துட்டாங்கன்னா உறுதிதான்" என்றாள். அவள் மறுத்த செய்தியும் குரூப்பில் ஏறியது. பொய்யைச் சொல்ல ஒரு அல்வாத் துண்டு போதுமாயிருந்தது. உண்மையைச் சொல்ல அந்தப் பெட்டி முழுதும் தீர்ந்தும் வேலைக்காகவில்லை.

சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினாள். சம்பந்தி கண்டபடி பேசுவார், பேசட்டும், கேட்டுக்கொள்வோம் என்று வழியெல்லாம் மனதைத் தயார் பண்ணிக்கொண்டே போனாள். ஹாஜா முகைதீன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சம்பந்தி, எல்லாம் என்னாலதான்" என்றாள்.

"இல்லீங்க, என்னாலதான். மெக்கானிக்குன்னு குரூப்ல போட்டது நான். எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"நான் ஆரம்பிச்சேன்ல."

"அல்வாவோட வந்து ஆரம்பிச்சது யாரு? நான்தானே."

பழியைத் தன் பக்கம் இழுப்பதிலும் இரண்டு பேருக்கும் போட்டி வந்துவிட்டது. சமையலறையிலிருந்து ஹாஜாவின் மனைவி பவுசியா கரண்டியோடு வந்தாள். அவளுக்குச் சிவப்பும் தெரியாது, நீலமும் தெரியாது.

"ரெண்டு பேரும் போனைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தார்கள்.

"நாளைக்கு இந்த வீட்டுல ரேஸ் கிடையாது. நிஷா, நீங்களும் ஊருக்குப் போகக் கூடாது. போனா பாத்துருவீங்க. இங்கயே இருங்க, எங் கண்ணு முன்னாடி."

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், அணைத்துவைத்த டிவிக்கு எதிரே இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜா முகைதீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப கிளம்பியிருப்பாங்க" என்றார் மெல்ல. "மொத வளைவுல எங்காளு முந்திருப்பான்" என்றாள் அவள். பவுசியா இருமினாள். இருவரும் பூண்டைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் பவுசியாவின் போனுக்கு ஷாகிர் கூப்பிட்டான். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற இரைச்சல்.

"வேலை போகலம்மா. நானே போய் ஒத்துக்கிட்டேன். சூப்பர்வைசர் நல்ல மனுசன். ஆனா ரூம் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லி, ஓட்டலுக்குப் பின்னாடி பெரிய கூலிங் மெஷின் இருக்குல்ல, அங்க மாத்திட்டாங்க. இங்க நானும் மெஷினும்தான்."

நுஸைபா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுது, பிறகு சிரித்தாள். ரஹ்மத் நிஷா போனை வாங்கி, "மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பூண்டுக் கையால் துடைத்ததில் இன்னும் கொட்டியது.

ஹாஜா முகைதீன் எட்டி வாயைப் போன் அருகே கொண்டுபோனார். "மகனே, வேலை இருக்குல்ல, அல்ஹம்துலில்லாஹ். ஆமா, அங்கிட்டு ரேஸ்ல யாரு முன்னாடி?"

"தெரியாது அத்தா. இங்க ஒன்னும் கேக்காது" என்றான் ஷாகிர். அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

ஆவணி மாதம் அறிவிப்பு வந்தது. மருதாணி சிவப்பிலேயே இருக்கிறான்; ஐஸ்கட்டி நீலத்திலேயே இருக்கிறான். இன்னும் இரண்டு வருஷத்துக்கு யாரும் எங்கும் போகவில்லை. அந்த வருஷம் இடம் மாறின ஒரே ஆள் ஷாகிர்தான்.

"வீணா அலைஞ்சோமே சம்பந்தி" என்றார் ஹாஜா முகைதீன் போனில்.

"வீணா எங்கங்க? நம்ம வீட்டுப் பேச்சு லண்டன் வரைக்கும் போச்சுல்ல" என்றாள் அவள். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். இனிமேல் மனஸ்தாபமே கூடாது என்று பேசி முடித்துப் போனை வைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வளைவில் மருதாணி உள்பக்கமாக நுழைய, ஐஸ்கட்டி வழிவிடாமல் பிடிக்க, இரண்டு காரும் மோதி மண்ணில் போய் உட்கார்ந்தன. தப்பு யார் மேல் என்று நடுவர்களாலேயே சொல்ல முடியவில்லை. மீமிசலில் சொல்ல முடிந்தது. அறந்தாங்கியிலும் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாளைக்குச் சம்பந்திகள் இருவரும் நுஸைபா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.