வலது இருக்கையின் ஹெட்செட்

சட்டன் நகரில் எங்கள் வீட்டுக் கராஜில் ஆறு வருடமாகக் கார் நிற்கவில்லை. அங்கே இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும், பொருத்துவது நம் பாடு. கட்டினேன் என்று எழுதத்தான் கை ஓடுகிறது. அதை அடக்கிக் கட்டினோம் என்று எழுதுகிறேன்.

தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் நான் அடிப்பேன். மறுபக்கம் என் மனைவி உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டியொன்றை அழுத்திப் பிடிப்பாள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து பிடிப்பாள். ஊரில் குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவள் அவள். தொடங்கிய அன்றே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அந்தச் சத்தம் காதுக்குள்ள வராட்டி நானும் வாறன்."

ஆகவே இரைச்சலை அடக்குகிற ஹெட்செட் இரண்டு என்று பட்ஜெட்டின் முதல் வரியிலேயே எழுதினேன்.

பிறகு கருவிகளைப் பதிக்கும் முகப்புப் பலகைக்கு வந்தோம். ஆசை யாரை விட்டது. பறக்கும் விவரம் காட்ட ஒரு திரையும் ஒரு ரேடியோவும் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். பலகையை ஒருமுறைதான் வெட்டுவோம், இரண்டாவது திரை வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள் என்றார் கருவிகளை விற்பவர். அதைச் சேர்த்தேன். தானாக ஓட்டும் கருவியையும் சேர்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் நியாயம்தான், கூட்டிப் பார்த்தால் எஞ்சின் விலையை எட்டிப் பிடித்தது. எதைக் குறைப்பது என்று தேடினேன். பலகையில் பூட்ட வேண்டாத பொருள் ஒன்றுதான் அகப்பட்டது. பிறகு வாங்கலாம் என்று இரண்டை ஒன்றாக்கினேன்.

எங்கள் வீட்டில் எந்தக் கணக்கையும் அவள் பார்க்காமல் காசு வெளியே போகாது. அன்றும் பென்சிலோடு குசினியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்து வந்தாள்.

"ஹெட்செட் ஒண்டுதான் கிடக்கு?"

"மற்றதைப் பிறகு வாங்கலாம்."

"இந்த ரெண்டாவது திரை என்னத்துக்கு?"

"முதலாவது பழுதாப் போனால் பாக்க."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பிடிபட்டவனுக்குக் கோபம்தானே முதலில் வரும். எனக்கும் வந்தது.

"நீர் எப்பிடியும் ஏறமாட்டீர்தானே" என்றேன்.

"ஏறத்தானே ஆறு வருஷமாப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எழுந்துபோய் ரைஸ் குக்கரைப் போட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் பயப்படுவாள், ஏறமாட்டாள் என்று நான் எப்போதோ முடிவுகட்டியிருக்கிறேன். அது எனக்கே அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அடுத்த நாளே இரண்டாவது திரையை வேண்டாம் என்று சொல்லி, கடையில் இருந்ததிலேயே நல்ல ஹெட்செட்டை அவளுக்கு வாங்கினேன். "நல்லாயிருக்கு" என்றாள். மிச்ச ரிவெட்டுகளுக்கும் வந்து பிடித்தாள், ஒன்றையும் பாதியில் விடவில்லை. பேச்சு மட்டும் குறைந்துபோனது.

விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது. சோதனைப் பறப்புகளில் தனியாகத்தான் போக வேண்டும். அவை முடிந்து மூன்று மாதமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் "வாறீரோ?" என்று கேட்கிறேன்.

"இண்டைக்கு ஏலாது. நீங்கள் போயிட்டு வாங்கோ."

அவளுடைய ஹெட்செட் விமானம் காற்றில் ஆடும்போது உருளக்கூடாதென்று, வலது இருக்கையில் வைத்துப் பெல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டுப் பறக்கிறேன்.