உளுத்த கைப்பிடி

என் வீட்டுக்காரருக்கு வாய்தான் பிழைப்பு. பழைய பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்களை வாசலில் சேர்த்து, அவர்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து, மணிக்கூண்டு, நூலகம், ஆய்வுக்கூடம் என்று காட்டுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படிகூடத் தடுக்கியதில்லை. ஆனால் மேலதிகாரி முன்னால் நின்றால் சரியான தொடைநடுங்கி.

அவர் தங்கை, என் நாத்தனார், ஆய்வுக்கூடத்து மாடிப்படியைக் கூட்டித் துடைக்கிறவள். மேல்தளத்துக் கைப்பிடி உளுத்துப்போயிருக்கிறது என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு காலையில் தண்ணீர் வாளியோடு அதில் சாய்ந்தாள்; கட்டையோடு கீழே விழுந்து செத்தாள். மறுவாரமே புதுக் கட்டை போட்டார்கள். அந்தச் சுறுசுறுப்பை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது. அவளுடைய துடைப்பத்தை என்னிடம் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் பார்க்க வந்த ஒருவர், "இங்க மட்டும் ஏன் மரம் புதுசா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, "காதல்ல தோத்த ஒரு மாணவி இங்கிருந்து குதிச்சிட்டா" என்று உளறிவிட்டார் என் வீட்டுக்காரர். புது வழிகாட்டிகள் மூத்தவர் பின்னால் நடந்து, காதில் விழுந்ததை மனப்பாடம் செய்துதான் அங்கே தொழில் பழகுவார்கள். ஒரு வருடத்தில் எட்டு பேர் அதையே சொன்னார்கள். ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்தார்கள். ஒருத்தன் காதல் கடிதம் சேர்த்தான், இன்னொருத்தன் ராத்திரி அழுகுரல் சேர்த்தான். த்தூ.

இந்த வருடம் அந்தக் கதையைப் பித்தளைப் பலகையில் பொறித்து அங்கேயே மாட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் அவரை விடவில்லை.

"கூடப் பொறந்தவளைப் பத்திப் பொய்யை எழுதி ஆணியடிக்கப் போறாங்க. போய் நிறுத்துங்க."

போனார். நடந்ததெல்லாம் தெரிந்த மேலாளரே சிரித்தாராம். "முதல்ல சொன்னதே நீங்கதானேய்யா? அப்ப இத்தனை வருஷமா எங்களை ஏமாத்துனீங்களா?"

திரும்பி வந்து, "விடுடி, செத்தவளுக்கு என்ன தெரியப் போகுது" என்றார். அதற்குப் பிறகு அவர் தட்டில் சோறு போடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பலகை திறந்த அன்று முப்பது பேர் படிக்கட்டில் நின்றார்கள். மேலாளர் கண் காட்டியதும் இவர் கதையைத் தொடங்கினார். குதிக்கிற இடம் வந்ததும் குரலை வேறு இறக்கினார், வெட்கங்கெட்ட மனிதர். மேல்படியில் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அவ குதிக்கலை, விழுந்தா" என்றேன். "மாணவியும் இல்லை. இந்தப் படியைத் துடைச்சவ. கைப்பிடி உளுத்துப்போச்சுன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தா. இதோ கதை சொல்றாரே, இவரோட சொந்தத் தங்கச்சி."

முப்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினாள்.

"நடிப்புன்னே தெரியலை" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

எல்லோரும் தட்டினார்கள். வெளுத்துப்போயிருந்த மேலாளர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "இது நல்லாருக்கே, தினமும் பண்ணலாம்" என்றார்.

நான் என் வீட்டுக்காரரையே பார்த்தேன். நடிப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மேலாளரைப் பார்த்தார். பிறகு அவரும் கைதட்டினார்.